மதுக்கரை மரப்பாலம் வழி

அக்டோபர் 6, திங்கள். 148/94

டாக்டர் நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். தேதி, பி.பி., அன்றைக்கு என்ன செய்தேன். "மூணு மாசம் எழுதிட்டு வாங்க சார், மாத்திரையா வாக்கிங்கான்னு அப்பப் பாத்துக்கலாம்" என்றார். மெஷின் மரகதம் வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்ததும் முதலில் தன் கையில் மாட்டிப் பார்த்தாள். 118/76. ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்துகிற மனைவிக்கு 118, ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கு 148. யாரிடம் போய் நியாயம் கேட்பது.

டாக்டர் படிப்பார் என்பதால் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் நெற்றியில் ஊர் பெயர் காட்டும் விளக்குப் பலகை இருக்கிறதல்லவா, அதற்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும். அதை எங்கள் கம்பெனி செய்கிறது, சரவணம்பட்டியில். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஃபைல்களை அடுக்கி வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கும் புரோகிராமைப் பதினாறு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். நன்றாக வேலை செய்தால் இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

இன்று ஒரு புகார் வந்தது. ஆறுச்சாமி என்பவர் தன் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக உக்கடத்தில் நின்றிருக்கிறார். 'அரசு மருத்துவமனை வழி' என்று பலகை போட்ட டவுன் பஸ் வந்திருக்கிறது. ஏறியிருக்கிறார்கள். கூட்டத்தில் கண்டக்டர் இவரிடம் வந்து சேரும்போது குனியமுத்தூர் தாண்டிவிட்டது. பஸ் போனது மதுக்கரைக்கு. அன்றைய முறை தவறி, மறுநாள்தான் செய்துகொண்டார்கள். இறங்கியதும் பலகையை போட்டோ எடுத்து பஸ் முதலாளிக்கு அனுப்பிவிட்டார் மனுஷன். முதலாளி எங்களுக்கு அனுப்பினார். காரணம் என்ன என்று இருபத்திரண்டாம் தேதி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். எழுத வேண்டியவன் நான்.

அக்டோபர் 7, செவ்வாய். 146/92

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பத்து நாளைக்கு ஒரு முறை. தொட்டியை நிரப்பிவிட்டு ஆபீஸ் போனேன். மானிட்டர்களில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் துடைப்பதில்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகையில் இருந்தது: 'அரசு மருத்துவமனை வழி ச', அதற்கு அடுத்து ஒரு வெறும் கட்டம். இந்த பஸ் போன வருடம் வேறு ரூட்டில் ஓடியது. அப்போது அதன் பலகை 'அரசு மருத்துவமனை வழி சிங்காநல்லூர்'. ஆக, அழித்துவிட்ட பழைய பெயரின் தலைப்பகுதி மட்டும் எழுந்து வந்திருக்கிறது. சிங்காநல்லூரில் 'சி'யின் கொக்கி கூட முழுதாக வரவில்லை.

எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பைட். அறுபத்திரண்டு என்றதும் இன்னொரு முறை எண்ணினேன். மறுபடியும் அறுபத்திரண்டு.

அக்டோபர் 8, புதன். 147/93

ஏன் அறுபத்திரண்டு என்று டாக்டருக்கும் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அட்டை உண்டு. ஃபைலின் அளவு எவ்வளவு, எந்த அறையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். அட்டையின் கீழே அறுபது பைட் இடம் சும்மா கிடக்கும். ஃபைல் சின்னதாக இருந்தால் அதற்கென்று ஓர் அறையைத் திறப்பானேன், அட்டையிலேயே எழுதிவிடலாம். நேரமும் மிச்சம், இடமும் மிச்சம். ஃபைல் அறுபதைத் தாண்டி வளர்ந்தால் மட்டும் அதை வெளியே ஓர் அறைக்குக் குடிமாற்றி, அட்டையில் அறை எண்ணை எழுத வேண்டும். பஸ் பலகைக்கு இது தோதான ஏற்பாடு. ஊர் பெயர் எவ்வளவு நீளம் இருந்துவிடப் போகிறது.

ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் 'ம'வுக்கு மூன்று. அதன்மேல் ஏறும் புள்ளி, கொக்கி, கால் ஒவ்வொன்றுக்கும் தனியாக மூன்று. 'மதுக்கரை மரப்பாலம்' ஐம்பத்திரண்டு பைட், அட்டைக்குள் நிற்கும். அதோடு 'வழி' சேர்த்தால் அறுபத்திரண்டு. வெளியே போயாக வேண்டும்.

நாங்கள் சோதித்ததெல்லாம் ஆங்கிலப் பெயரில். எல்லாம் அட்டைக்குள்ளேயே சுகமாக இருந்திருக்கின்றன. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, கோயம்புத்தூர் பஸ்ஸுக்குப் பலகை செய்துகொண்டு, பதினாறு வருடத்தில் ஒருவருக்கும் தமிழில் ஒரு பெயர் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஒருவருக்கும் என்பதில் முதல் ஆள் நான்.

அக்டோபர் 9, வியாழன். 150/94

பஸ் ஷெட்டுக்குப் போனேன். அந்த வண்டியின் டிரைவர் மாரப்பன் நல்ல மனிதர். பலகையை எப்படி மாற்றுவார் என்று செய்து காட்டச் சொன்னேன்.

"மொதல்ல ஊரு பட்டனை அமுக்கறதுங்க. அப்பறம் வழி பட்டன். அப்பறம் மெயினை ஆஃப் பண்ணிட்டு டீக்குப் போறதுங்க."

"மெயினை எதுக்கு ஆஃப் பண்றீங்க?"

"பேட்டரி எறங்கிருமுங்களே. மொதலாளி சொல்லீருக்காரு."

"பட்டனை அமுக்கி எவ்வளவு நேரம் கழிச்சு?"

"கழிச்செல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்தக் கை பட்டன்ல, அந்தக் கை மெயின்ல." இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டர்களை அணைப்பதே கிடையாது, வருடத்தில் ஆயுத பூஜை அன்று தவிர. மாரப்பன் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை அணைக்கிறார். பதினான்கு டீயா என்று கேட்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி. 155/96

கண்டுபிடித்துவிட்டேன்.

வீடு மாற்றும்போது சாமான்களைப் புது வீட்டில் இறக்கிய பிறகுதான் ஊருக்கு விலாசம் கொடுப்போம். இங்கே விலாசத்தை முதலில் கொடுத்திருக்கிறார்கள். அறை எண்ணை அட்டையில் உடனே எழுதிவிடுகிறது. எழுத்துகள் அந்த அறைக்குப் போய்ச் சேர ஐந்து நொடி ஆகிறது. நடுவில் மாரப்பனின் இன்னொரு கை மெயினுக்குப் போய்விடுகிறது. திரும்பி வந்து ஆன் செய்தால், அந்த அறையில் முன்பு குடியிருந்தவர் கதவைத் திறக்கிறார், புதுப் பெயரின் அறுபத்திரண்டு பைட் அளவுக்கு மட்டும்.

மூன்று வரி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். தப்பு என்றாலும் பார்க்க அழகாக இருந்தது. சுற்றி வளைக்காமல், ஒரே மூச்சில் எழுதியது. யார் எழுதினார்களோ, கை நல்ல கை என்று நினைத்துக்கொண்டேன்.

யார் எழுதினார்கள் என்று ஒவ்வொரு வரிக்கும் பெயர் காட்டும் வசதி உண்டு. பார்த்தேன். மெஹருன்னிசா, இந்தப் புரோகிராமில் என்னோடு வேலை செய்பவள். ஆறு வருடம் முன்பு அக்டோபரில் புரோகிராமில் சேர்ந்த மாற்றம். அவள் வேலைக்கு வந்த மூன்றாம் மாதம்.

எங்கள் மேலாளர் வித்யாசங்கர் பின்னால் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை. "ஓ, மெஹருனா" என்றார். போய்விட்டார்.

அக்டோபர் 11, சனி. 153/95

தண்ணீர்த் தொட்டி மிதவை ரிப்பேர். பிளம்பர் வரவில்லை. நானே கழற்றினேன், நானே மாட்டினேன், ஒரு வாஷர் மிச்சம் இருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள். 156/98

வித்யாசங்கர் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் எப்படிப் போகுது தெய்வா?"

"எழுதிட்டிருக்கேன்."

"யார் பண்ணதுன்னு ஒரு வரி போட்டுடுங்க. கஸ்டமர் கேக்கறார். நாம ஏதாவது ஆக்‌ஷன் எடுத்தோம்னு காட்டணும்ல." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "மெஹருன் ஜனவரில லீவ் முடிஞ்சு வர்றா. டீம் லீட் ஆக்கறதா இருந்துச்சு. இனிமே கோர் புரோகிராம் பக்கம் வேணாம், சப்போர்ட்ல போட்டுடலாம். போன் எடுத்துப் பேசட்டும். குழந்தையும் இருக்கு, அவளுக்கும் ஈஸி."

மெஹருனுக்கு ஜூலையில் பிள்ளை பிறந்தது. மேலப்பாளையத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். எங்கள் கட்டடத்தில் இந்தப் புரோகிராமின் அடிமட்டம் வரை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவள். அவளைப் போன் எடுக்க உட்கார வைப்பது வீண் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, ரிப்போர்ட் முடியட்டும், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு முறை பழைய மின்மடல்களைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை முடிக்கலாம். எங்களிடம் மாற்றம் எதுவானாலும் எழுதியவர் அதை மடலில் அனுப்ப வேண்டும். நான் படித்துப் பார்த்துச் சேர்ப்பேன். சேர்க்கும்போது நான் ஒரு புள்ளியை மாற்றினாலும், யார் மாற்றினார், என்ன மாற்றினார் என்று கீழே அடைப்புக்குள் ஒரு வரி எழுதியாக வேண்டும். அடுத்தவர் பெயரில் போகும் வேலையில் நாம் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. இந்த விதியை எழுதியவனே நான்தான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசுவேன்.

அவள் அனுப்பிய மடல் பெட்டியில் இருக்கும். பெரிய அவசியமில்லை. பெயர்தான் தெரிந்துவிட்டதே.

அக்டோபர் 14, செவ்வாய். 157/97

மடல் பெட்டியைப் பார்க்க நேரமில்லை. மேஜையைச் சுத்தம் செய்தேன். மானிட்டரில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடுத்த மேஜை மானிட்டரிலும் எடுத்தேன்.

அக்டோபர் 15, புதன். 160/100

மெஹருனுக்குப் போன் செய்தேன். குழந்தையை விசாரிக்கத்தான்.

"சொல்லுங்க சார், நல்லா இருக்கீங்களா? அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்கம்மா. பையன் எப்படி?"

"ராத்திரி பூராம் முழிச்சிக்கிட்டு, பகல்ல தூங்குதான் சார். எங்க உம்மாதான் வச்சிருக்காங்க." பின்னால் குழந்தை அழுதது. "ஆபீஸ்ல எதும் பிரச்சினையா சார்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

"சார், நீங்க சும்மா போன் பண்ண மாட்டீங்களே."

தீபாவளி வாழ்த்து சொன்னேன். ஐந்து நாள் முன்னதாக.

அக்டோபர் 16, வியாழன். மெஷினில் பேட்டரி இல்லை

மடல் பெட்டியைத் திறந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி. 164/102

டாக்டர், இந்தப் பக்கத்தை நீங்கள் தாண்டிவிடலாம்.

மெஹருன் ஆறு வருடம் முன்பு அனுப்பிய மடலில் எல்லாம் சரியாக இருக்கிறது. முதலில் அறைக்கு எழுதுகிறது, போய்ச் சேரும்வரை காத்திருக்கிறது, பிறகுதான் அட்டையைத் தொடுகிறது. மேலே ஒரு குறிப்புக்கூட எழுதியிருக்கிறாள்: 'எழுத்து சேர்ந்த பிறகே அட்டையை மாற்றவும், இடையில் மின்சாரம் போகலாம்.' மூன்று மாதப் பயிற்சிப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சேர்ந்திருப்பதில் அந்த வரிசை இல்லை. குறிப்பும் இல்லை. மடலுக்கும் சேர்ந்ததற்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அது ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாள். பூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைத்துப் பொட்டு வைப்பதற்கு முன் வரிசையில் நிற்கிற மாற்றங்களையெல்லாம் சேர்த்து முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். பாக்கி வைத்துக்கொண்டு பூஜை போடக் கூடாதாம். அன்று வரிசையில் பதினான்கு. ஒரு கையில் பொரிப் பொட்டலம். மெஹருனுடையது பத்தாவதோ பதினொன்றாவதோ. நீளமாக இருந்தது. அட்டை வரியை மேலே தூக்கிப் போட்டால் சுற்றி வளைப்பதெல்லாம் போய்க் கச்சிதமாகிவிடும் என்று தோன்றியது. தூக்கிப் போட்டேன். குறிப்பு பொருந்தவில்லை, அழித்தேன். கீழே ஒரு வரி எழுதவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு என்ன எழுதுவது என்று நினைத்திருப்பேன். அல்லது நினைக்கவே இல்லை. வாயில் பொரி இருந்தது நினைவிருக்கிறது.

போன வாரம் இதே மூன்று வரியைப் பார்த்து நல்ல கை என்று எழுதினேன். மேலே இருக்கிறது, அழிக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி. 159/99

இந்த மடலை இப்போது திறந்து பார்க்கக் கூடியவர்கள் இரண்டு பேர். நானும் மெஹருனும். அவளுக்குப் புகார் வந்ததே தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. இதை எழுதி வைப்பதால் யோசித்தேன் என்று அர்த்தம். யோசித்தேன். வெள்ளி மாலையிலிருந்து சனி மதியம் வரை யோசித்தேன்.

மதியம் மரகதத்திடம் சொன்னேன். காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்க, அந்தப் புள்ளை பேர்ல நீங்க எழுதீட்டீங்களா?"

"மூணு வரிதான்."

"மூணு வரி எத்தனை மார்க்குங்க?"

சிவப்புப் பேனாவால் தாளில் ஒரு கோடு போட்டாள்.

"அவகிட்டச் சொல்லீட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்பறம் எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க? நானா சப்போர்ட்டுக்குப் போறேன்?" அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி. பார்க்கவில்லை

அதிரசம் நான்கு. முறுக்கு எண்ணவில்லை. மெஹருனிடமிருந்து வாழ்த்து வந்தது. பதில் போட மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். 'நன்றிம்மா' என்று போட்டேன்.

அக்டோபர் 21, செவ்வாய். 161/101

காலை பத்து மணிக்குப் போன் செய்தேன். குழந்தையை விசாரிக்கவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். பஸ், ஆறுச்சாமி, மாரப்பன், ஆயுத பூஜை, பொரி, எல்லாம்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

"எது?"

"நீங்க வரிசைய மாத்தினது. சேந்ததுக்கு மறுநாளே எடுத்துப் பாத்தேன். என் மொத வேலைலா, ஆசையா இருந்துச்சு. பாத்தா நான் எழுதினது வேற, உள்ள இருந்தது வேற."

"கேட்டிருக்கலாமேம்மா."

"உங்ககிட்டயா? பேர் சொல்லாம ஒரு புள்ளியக்கூடத் தொடக் கூடாதுன்னு மொத நாளு அரை மணி நேரம் பேசினீங்க. அப்படிப்பட்டவங்க எழுதாம மாத்தியிருக்காங்கன்னா, நான் எழுதினது அவ்வளவு பெரிய தப்பு போல, என்னைய அசிங்கப்படுத்த வேண்டாம்னு சொல்லாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். உங்க மேல மரியாதைதான் கூடுச்சு சார்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னொண்ணு இருக்கு சார்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அதான் சரின்னு நான் படிச்சுக்கிட்டேன். அட்டை மொதல்ல, அறை அப்புறம். அதுக்குப் பிறவு ரெண்டு இடத்துல அப்படியே எழுதியிருக்கேன். சின்ன ஃபைல் பட்டியல் அட்டைய விட்டு வெளிய போற இடத்துல ஒண்ணு. ஃபைல நகல் எடுக்கிற இடத்துல ஒண்ணு. ரெண்டும் நானே சொந்தமா எழுதினது."

திறந்து பார்த்தேன். இருந்தன. இரண்டும் அழகாக இருந்தன. என் அழகு.

"அந்த ரெண்டையும் நானே மாத்தினதா எழுதிடறேன்" என்றேன். "இதுவும் என்னால வந்ததுதானே."

"வேண்டாம் சார்." உடனே சொன்னாள். "அது என் பேர்லயே இருக்கட்டும். நான்தான் எழுதினேன். நீங்க எழுதாததை எழுதினேன்னு போடாதீங்க. மறுபடி அதே வேலையத்தான் பாக்கிறீங்க."

குழந்தை அழ ஆரம்பித்தது. வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தேன். அறையில் நான் மட்டும் இருந்தேன்.

அக்டோபர் 22, புதன். 158/98

ரிப்போர்ட் நான்கு பக்கம். வித்யாசங்கர் மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"இவ்வளவு டீடெயில் வேணாமே தெய்வா. 'செயல்முறைக் குறைபாடு'ன்னு போட்டுட்டுப் போலாம். யார் பேரும் வேணாம்."

"போன வாரம் ஒரு பேரு வேணும்னீங்க."

"அது வேற."

"பேரு வேற, அவ்வளவுதான்."

பக்கத்தைத் திருப்பினார். "சரி, முதல் தப்பு உங்களோடது. மத்த ரெண்டும் அவ எழுதினதுதானே? அவளே ஒத்துக்கறா."

"எழுதினது அவ. சொல்லிக் கொடுத்தது நான்."

"நீங்க எங்க சொல்லிக் கொடுத்தீங்க? சொல்லவே இல்லைன்னுதானே நாலு பக்கம் எழுதியிருக்கீங்க?"

"சொல்லாம கொடுத்தேன் சார். அதான் இவ்வளவு நல்லாப் பதிஞ்சிருக்கு."

அவள் சப்போர்ட்டுக்குப் போவதாக இருந்தால் நானும் அங்கேயே வருகிறேன், போன் எடுக்க எனக்கும் தெரியும் என்றேன். தெரியாது. பதினாறு வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடமும் நான் பேசியதில்லை. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் பயந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் முடிவு வந்தது. மெஹருன் இருக்கும் இடத்திலேயே இருப்பாள். மாற்றங்களைச் சேர்க்கும் உரிமை இன்றிலிருந்து என்னிடம் இல்லை. ஜனவரி வரை வித்யாசங்கர் பார்த்துக்கொள்வார். பிறகு லீட் ஆக மெஹருன். நான் எழுதுவது எதுவானாலும் அவளுக்கு மடலில் அனுப்ப வேண்டும். அவள் படித்துப் பார்த்துச் சேர்ப்பாள்.

சரி என்றேன். பதினாறு வருடம் என் கையில் இருந்த சாவி. வீட்டுக்கு வந்து குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மிதவை ஒழுகுகிறது.

அக்டோபர் 24, வெள்ளி. 154/96

வரிசையைத் திருத்திப் போட்ட பலகையில், ஷெட்டில் மாரப்பனோடு நாற்பது தடவை. ஊர் பட்டன், வழி பட்டன், மெயின் ஆஃப், மெயின் ஆன். நாற்பது தடவையும் 'மதுக்கரை மரப்பாலம் வழி'. ஒரு கொக்கி குறையவில்லை. நாற்பத்தொன்றாவதற்குக் கையை நீட்டினேன்.

"போதுமுங்க, டீ ஆறுது" என்றார்.

திரும்பும் வழியில் ஆறுச்சாமிக்குப் போன் செய்தேன். பலகை தப்பாகக் காட்டியதற்குக் காரணம் நான்தான், மன்னிக்க வேண்டும் என்றேன். பேசுவதற்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

"இப்பச் செரியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க."

"செரிங்க. பஸ் வந்துருச்சு, வெக்கறேன்."

நவம்பர் 3, திங்கள். 151/95

சேர்ந்ததை எங்கள் பதிவில் திருத்த முடியாது. அதன் மேல் புதியதைத்தான் போட முடியும். அதனால் ஆறு வருடம் முந்தைய அந்த மூன்று வரிக்கு நேராக மெஹருன் பெயர் அப்படியே இருக்கும். புது மாற்றத்தில் அதைக் குறிப்பிட்டு, 'இந்த வரிசையை மாற்றியவர் தெய்வசிகாமணி. சேர்க்கும்போது குறிக்கத் தவறினார்' என்று எழுதினேன். 'தவறினார்' என்பதை முதலில் 'தவறிவிட்டது' என்று எழுதியிருந்தேன். தானாகத் தவறி விழ அது என்ன மாங்காயா. மாற்றினேன்.

மற்ற இரண்டையும் மெஹருன் மேலப்பாளையத்திலிருந்தே திருத்தி அனுப்பிவிட்டாள், பிள்ளை தூங்கும் பகலில்.

டிசம்பர் 8, திங்கள். 150/94

மிதவைக்குப் பிளம்பர் வந்தார். வாஷர் ஒன்று குறைகிறது என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 3, சனி. 149/94

டாக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் புரட்டினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். இவ்வளவும் படித்தீர்களா என்று கேட்டேன்.

"நம்பர் மட்டும்தான் சார் பாத்தேன். அக்டோபர் நடுவுல என்ன, உப்பு ஜாஸ்தியாயிடுச்சா?"

பொரி என்றேன். குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

இனி எழுத வேண்டியதில்லை. நோட்டில் பாதி மிச்சம் இருக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

மெஹருன் இன்று வந்தாள். ஆபீஸுக்கே அல்வா வாங்கி வந்திருந்தாள். என் மேஜையில் ஒரு துண்டு வைத்துவிட்டு, "மடல் வந்துச்சு சார், பாக்கேன்" என்று தன் இடத்துக்குப் போனாள்.

மடலில் நான் அனுப்பியிருந்தது புதுச் சோதனை. அந்த பஸ் கம்பெனியின் நாற்பத்தொரு ரூட்டும், தமிழில், ஒவ்வொன்றின் நடுவிலும் மின்சாரத்தை நிறுத்தி. மதியம் வரை பதில் இல்லை. மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தேன். மூன்றேகாலுக்கு மறுபடி குடித்தேன். அவள் படித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்திலிருந்து, ஒரு விரலை மானிட்டரில் வைத்து, வரி வரியாக.

நான்கு மணிக்குச் சேர்த்துவிட்டாள். எடுத்துப் பார்த்தேன். என் பெயர், நான் எழுதியது, எல்லாம் அப்படியே இருந்தது. கடைசியில், அடைப்புக்குள், ஒரு வரி கூடுதலாக:

'மெஹருன்னிசா: பன்னிரண்டாம் வரியின் முடிவில் இருந்த ஒரு காலி இடத்தை எடுத்தேன்.'

நான் அனுப்பியதைத் திறந்து பன்னிரண்டாம் வரியைப் பார்த்தேன். முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஒரு காலி இடம் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்கும் தேவையில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த பஸ்ஸும் எங்கும் தப்பாகப் போய்விடாது.

அதையும் எழுதியிருக்கிறாள்.